அலவாங்கும் ஒரு கல்லும்

பிற்பகல் மூன்று இருபது. தர்மபுரத்தில் எங்கள் பின்வளவிலிருந்து மூத்தவள் "அப்பா" என்று கூப்பிட்டாள். சத்தமாக அல்ல, மூச்சைப் பிடித்துக்கொண்டு. போன மாரியில் நடந்தது. இன்றும் அந்த நேரமானால் என் கண் மணிக்கூட்டுக்குப் போய்விடும்.

வேலிக்கென்று அடுக்கியிருந்த கொங்கிறீற் தூண்களுக்கடியில் கோழி முட்டையிட்டிருந்தது. ஒன்பது வயதுக்காரி நீள இரும்பு அலவாங்கைச் செருகி, ஒரு கல்லில் தாங்கவைத்து, தூண்களைக் கிளப்பியிருக்கிறாள். ஆறு வயதுத் தங்கை கையை உள்ளே விட்டிருக்கிறாள். ஈரமண்ணில் கல் புதைய, தூண் இறங்கிச் சின்னவளின் விரல்களைப் பிடித்துக்கொண்டது. மூத்தவள் அலவாங்கின் நுனியில் வயிற்றை வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவன் நான். நீர்ப்பாசன வேலைகளில் இருப்பவன். படித்த இயந்திரவியலைப் பிள்ளைகளுக்கு விளங்கவைத்துப் பார்க்கும் ஆசை எப்போதும் உண்டு. எட்டப் பிடித்தால் பாரம் குறைவாகத் தெரியும் என்று முந்தின ஞாயிறு அதே அலவாங்கால் காட்டினேன்.

"கிளப்பினதைப் பிறகு ஆர் பிடிச்சிருக்கிறது?" என்று மூத்தவள் கேட்டாள்.

அது புலமைப்பரிசில் பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டேன். என்னுடைய பாடத்தைவிட அவளுடைய கேள்வி பெரிது என்பது எனக்கு அன்று பிடிபடவில்லை.

ஓடிப்போய் நானும் அலவாங்கை அமர்த்தினேன். கல் இன்னும் புதைந்தது. இனி அமர்த்தவும் முடியாது, விடவும் முடியாது. அயலைக் கூப்பிட்டுக் கத்தினேன். அழுதுகொண்டிருந்த சின்னவள் இடையில் நிறுத்தி, தூண்கள் எவ்வளவு நிறை என்று விசாரித்தாள். அவளைப்போலப் பத்துப் பிள்ளைகள் என்றேன்.

"அப்ப அக்கா சரியான பலசாலி" என்றாள்.

வேலிக்கு மேலால் வந்தவர் பக்கத்து வளவில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்துக் கூலிக்கு உழும் அக்கா. சில்லுக்கு அடைகொடுக்கும் ஆப்புக்கட்டைகள் இரண்டும் கோடரியும் கையில் இருந்தன.

"சேர், நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

விரல்களுக்கு இருபுறமும் கட்டைகளைச் செருகி, கோடரிப் பின்புறத்தால் மாறிமாறித் தட்டினார். தூண் ஒரு விரலளவு எழும்பியது. சின்னவள் கையை எடுத்துவிட்டாள். இரண்டு நகங்கள் கறுத்திருந்தன, அவ்வளவுதான்.

நானும் கையெடுத்துவிட்டேன். மூத்தவள் மட்டும் கண்ணை இறுக்கி மூடியபடி தொங்கிக்கொண்டேயிருந்தாள். பக்கத்து வளவு அக்கா அவளருகில் குந்தி, முதுகில் கைவைத்தார்.

"விடு பிள்ளை. இனிக் கட்டை பிடிச்சிருக்கும்."