என்னை விட்டுவிட்டு ஆப்பிரிக்கா போனவள்

எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அடுத்தவளின் நகை, வீடு, பிள்ளையின் அமெரிக்க வேலை இதெல்லாம் என்னை ஒன்றும் செய்வதில்லை. கூடக் கடைக்கு வருகிறவள் எனக்குப் பிடித்த புடவையை முந்திக்கொண்டு எடுத்துவிட்டாலும் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். ஆனால் என் சிநேகிதி என்னை விட்டுவிட்டு வேறொருத்தியோடு மேற்கு ஆப்பிரிக்கா போய்விட்டு வந்தாள் பாருங்கள், அதை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவளும் நானும் தி. நகரில் ஒரே அலுவலகத்தில், எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து தலை நரைத்தவர்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோபாலபுரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். எனக்குக் கணவர் இருக்கிறார், ஆனால் மயிலாப்பூரை விட்டு அவரை நகர்த்த யாராலும் ஆகாது. விமானம் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஆகவே ஓய்வு பெற்ற பிறகு ஊர் சுற்றுவதென்றால் நாங்கள் இரண்டு பேர்தான்.

சுற்றுலா நடத்துகிறவர்கள் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்றுதான் போடுவார்கள். தனியாக வருகிற பெண்ணுக்கு ஒரு ஜோடி வேண்டும். இல்லாவிட்டால் முன்பின் தெரியாத யாரோடாவது சேர்த்துவிடுவார்கள், அவர் விடியற்காலையில் எழுந்து சத்தமாக சகஸ்ரநாமம் சொல்கிறவராக இருப்பார். எங்களுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. பாலி, வியட்நாம், துருக்கி, எங்கே போனாலும் நாங்கள் ஓர் அறை. ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு. காலையில் குளியலறை முதலில் அவளுக்கு. புளிக்காய்ச்சல் நான் எடுத்து வருவேன், பருப்புப்பொடி அவள். அவள் விடுகிற குறட்டைக்குக் காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சும் என் பையில்தான் இருக்கும். இதையெல்லாம் நாங்கள் ஒரு நாளும் பேசி முடிவு செய்ததில்லை, அதுவாக அமைந்துவிட்டது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு நாள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கைபேசியை என் பக்கம் திருப்பினாள்.

"இதப் பாருடி, மேற்கு ஆப்பிரிக்காவாம். கானா, டோகோ, பெனின். கடற்கரை ஓரமாவே கூட்டிட்டுப் போறாங்க. பழைய கோட்டை, தண்ணிக்கு நடுவுல இருக்கற ஊரு, நெசவு, டான்ஸ் எல்லாம் காட்டறாங்க. கூடவே வழிகாட்டி வராராம். போலாமா?"

எனக்கு உள்ளுக்குள் குபீரென்று சந்தோஷம். படத்தில் தென்னை மரங்களும், அடியிலிருந்து முனை வரை வர்ணம் அடித்த நீளமான படகுகளும் தெரிந்தன. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஆப்பிரிக்காவா? ஐயோ, எனக்கு வேண்டாம்பா. கொசுக்கடி வாங்க அவ்ளோ தூரம் போகணுமா? மந்தைவெளியிலயே கிடைக்குது."

அவள் சிரித்தாள். கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வடையைப் பிட்டாள். அவ்வளவுதான்.

இதை வெளியூர்க்காரர் யாராவது படித்தால் "வேண்டாம் என்று சொன்னது நீதானே?" என்பார்கள். எங்கள் ஊரில் முதல் வேண்டாம் கணக்கில் வராது ஐயா! வீட்டுக்கு வந்தவரிடம் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன், வேண்டாம்" என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுவிட்டு யாராவது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்களா? பால் அது பாட்டுக்குக் காயும். "அட, அரை டம்ளர்தான்" என்று நீட்டுவோம். அவரும் வாங்கிக்கொள்வார். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்ள. மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால்தான் வேண்டாம். இது அவளுக்குத் தெரியாதா? அவளே அப்படிச் சொல்லிச் சொல்லி என் வீட்டில் குடித்த காபிக்கு அளவே கிடையாது.

மறுபடி கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கும்போது சொல்வதற்கு, "சரி, உனக்காக வரேன், வேற யாரு உன் குறட்டையைத் தாங்குவா" என்று வசனம்கூடத் தயாராக இருந்தது. பரண் மேலிருந்த பெட்டியை இறக்கி மொட்டைமாடி வெயிலில் திறந்து வைத்தேன். கணவர் பார்த்துவிட்டு எந்த ஊர் என்றார். பூச்சி அரிக்காமல் இருக்க என்றேன்.

அவள் கேட்கவில்லை. அந்த நாடுகளுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டாக வேண்டும். ஒரு நாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தோளில் பஞ்சை அழுத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அதே மாதிரி பஞ்சை அழுத்திக்கொண்டு இன்னொருத்தி. உடனே போன் செய்தேன்.

"என்னடி, ஆப்பிரிக்கா போறியா?"

"ஆமாம். நீதான் வேண்டாம்னுட்டியே."

"ஆமாமா, எனக்கு வேண்டவே வேண்டாம். ரூம்ல கூட யாரு?"

"யோகா கிளாஸ்ல புதுசா ஒருத்தி வந்திருக்கா. தரமணியில கம்ப்யூட்டர் கம்பெனில இருந்தா, சீக்கிரமே வேலையை விட்டுட்டா. ரொம்ப ஜாலியானவ. உனக்கும் பிடிக்கும் பாரு."

எனக்குப் பிடிக்குமாம்! போனை வைத்துவிட்டு, அன்றைக்குச் சமையலில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

அவள் கிளம்பிப் போன வாரம் மீன் வாங்கப் பட்டினப்பாக்கம் போனேன். எப்போதும் நாங்கள் சேர்ந்துதான் போவோம். வழக்கமாக வாங்குகிற மீன்காரம்மா என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டி என் பின்னால் தேடினாள்.

"இன்னாக்கா, ஒண்டியா வந்துகீற? உன் ஜோடி எங்க?"

"ஆப்பிரிக்கா போயிருக்கா."

"அய்ய, உன்ன வுட்டுட்டா? இன்னா, சண்ட கிண்டயா?"

"சண்டையெல்லாம் இல்ல. எனக்குத்தான் வேலை இருந்துச்சு."

"இன்னாத்த வேல போ. அவுங்க ஜாலியா சுத்திக்கினு கீறாங்க, நீ இங்க சங்கராவ நோண்டிக்கினு கீற" என்று சொல்லிவிட்டு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டாள். அந்த மீன் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

தினமும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஏரிக்கு நடுவே மரக்கால்களின் மேல் நிற்கிற வீடுகள், படகிலேயே காய்கறி விற்கும் பெண்கள். அவள் கழுத்தில் மலைப்பாம்பு! நிஜப் பாம்பு, அது கோயில் பாம்பாம், கடிக்காதாம். பல்லிக்குப் பயந்து என் வீட்டுச் சமையலறைக்குள் வராதவள் பாம்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு நிற்கிறாள், தரமணிக்காரி அதன் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக வாட்ஸ்அப்பில் ஏதோ ஒன்றை அணைத்துவைத்தேன். அதற்கப்புறம் என் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்று எனக்கும் தெரியவில்லை. நான் போட்ட சங்கரா மீன் குழம்பை அவள் பார்த்தாளா இல்லையா என்று தெரியாமலே போயிற்று.

திரும்பி வந்ததும் அவளே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா, எல்லாவற்றையும் டிவியில் போட்டுக் காட்டுகிறேன் என்றாள். இந்தத் தடவை ஒரு வேண்டாம்கூடச் சொல்லாமல் போனேன். தரமணிக்காரி முன்னாலேயே வந்து, நான் எப்போதும் உட்காருகிற மூங்கில் நாற்காலியில் காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்திலும் என் சிநேகிதியின் கழுத்திலும் ஒரே மாதிரி மஞ்சளும் நீலமுமாகக் கண்ணாடி மணி மாலை. சிநேகிதி எனக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தாள்.

"அங்க ஒரு கொட்டையிலேர்ந்து எடுக்கற வெண்ணெய்டி. பித்தவெடிப்புக்கு ரொம்ப நல்லதாம். பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்துச்சு."

அவர்களுக்குக் கழுத்துக்கு, எனக்குக் குதிகாலுக்கு. ரொம்ப சந்தோஷம் என்று வாங்கிக்கொண்டேன்.

படம் ஓடியது. கடலோரத்தில் வெள்ளைக் கோட்டை ஒன்று. அடிமைகளாகப் பிடித்தவர்களை அடைத்துவைத்த நிலவறைக்குள் வழிகாட்டி கூட்டிப் போகிறார். வெளிச்சமே இல்லை. கடல் பக்கமாக ஒரு குறுகின வாசல். அதன் வழியாகக் கப்பலுக்குப் போனவர் யாரும் திரும்பி வரவில்லை என்று அவர் சொல்கிறார். என் சிநேகிதி முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். தரமணிக்காரி அவள் தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொள்கிறாள். எத்தனை ஆயிரம் பேர் கதறின இடம் அது. நான் அவர்களை நினைத்தேனா? இல்லை. என் கண் அந்தக் கையின் மேலேயே இருந்தது. என்ன ஜென்மமோ நான் என்று எனக்கே ஆகிவிட்டது, ஆனாலும் கண் நகரவில்லை.

"உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவாங்க" என்றாள் தரமணிக்காரி, முறுக்கை எடுத்துக்கொண்டே. "நீங்க வரலைன்னதும்தான் என்னைக் கேட்டாங்க. நான் முதல்ல வரமாட்டேன்னுதான் சொன்னேன். இவங்க விட்டாத்தானே? வீட்டுக்கே வந்துட்டாங்க. திரும்பத் திரும்பக் கேட்டுச் சம்மதிக்க வெச்சாங்க."

என் காதில் புகை வந்தது. அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டாளாமே!

"என்னை ஒரு தடவைதானே கேட்ட?" என்றேன் சிநேகிதியிடம். சிரித்துக்கொண்டு கேட்பதாகத்தான் நினைத்தேன், குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

"உன்னையா? நீ ஒண்ணு வேணாம்னு சொன்னப்புறம் இன்னொரு தரம் கேட்டா எரிஞ்சு விழுவியேடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்கிற மாதிரி சொன்னாள்.

டிவியில் இப்போது கடற்கரை. ஊரே வரிசையாக நின்று பாட்டுப் பாடிக்கொண்டு கரையிலிருந்து வலை இழுக்கிறது. நடுவில் இவர்களும் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். வலை வந்து மீன் கொட்டினதும் தரமணிக்காரி இவள் கையைப் பிடித்து ஓடுகிறாள். என் சிநேகிதி புடவையும் இல்லை, சல்வாரும் இல்லை, முழங்கால் தெரிகிற ஏதோ ஒரு கால்சட்டை போட்டுக்கொண்டு அலைக்குள் போகிறாள். இடுப்பு வரை தண்ணீர். ஓர் அலை வந்து தலைக்கு மேல் போகிறது. எழுந்து, வாயிலிருந்து உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு, கீச்சென்று கத்துகிறாள். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதே இல்லை.

அடையாறுக்கு வேலையாகப் போகிற போதெல்லாம் பெசன்ட் நகர் கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவோம். எத்தனை வருஷப் பழக்கம்! ஒரு நாளும் அவள் காலை நனைத்ததில்லை. மணல் ஒட்டும், அவளுக்குப் பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"என்கூட வந்து ஒரு தடவையாவது தண்ணில இறங்கியிருப்பியா நீ?" என்று கேட்டேன். இந்தத் தடவை சிரிக்கவெல்லாம் முயலவில்லை.

அவள் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ எங்க கூப்பிட்ட? மணல்ல இறங்கின உடனே செருப்பையும் பையையும் என் கையில குடுத்து, பாத்துக்கோடின்னு சொல்லிட்டு நீ போயிடுவ. யாராவது ஒருத்தர் கரையில நிக்கணுமே."

அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்த மாதிரி தெரியவில்லை. அடுத்த படத்தைப் போட்டாள். வறுத்த வாழைப்பழம், தக்காளிச் சோறு என்று தரமணிக்காரி ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

கிளம்பும்போது பால்கனிப் பக்கம் பார்த்தேன். தொட்டிகளில் பாதிச் செடி கருகிக் கிடந்தது.

"வேலைக்கு வர அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனேன், தண்ணியே ஊத்தலடி" என்றாள். "ஜனவரியில நாங்க ரெண்டு பேரும் செனகலும் காம்பியாவும் போறதா இருக்கோம். ரூம்கூடச் சொல்லியாச்சு. இந்தத் தடவை வீட்டை நீதான் பாத்துக்கணும். உன்னை விட்டா நான் யாரை நம்பி விட்டுட்டுப் போவேன், சொல்லு?"

உள்ளே போய் வீட்டுச் சாவியை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். அவள் கண்ணில் நிஜமான பிரியம் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

தரமணிக்காரி மூங்கில் நாற்காலியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். அவளுக்குச் சாவி கிடையாது. அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, அவசரமே படாமல், கைப்பையைத் திறந்து சாவியை உள்ளே வைத்து ஜிப்பை மூடினேன்.