பைலட் இன்னும் வரவில்லை

கத்தரிக்கோல் அதன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கும். கேப்டனின் கண் மட்டும் நம் தலையைத் தாண்டி எதிரே இருக்கும் கண்ணாடிக்குள் போய்விடும். கண்ணாடியில் தெரிவது பின்சுவரில் மாட்டியிருக்கும் டிவி. அங்கே விண்கலம் வலப்பக்கம் பறந்தால் இங்கே இடப்பக்கம் பறக்கும். கேப்டனுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. படத்துக்குக் கீழே ஓடும் தமிழ் எழுத்துகளைத்தான் கண்ணாடியில் படிக்க முடியாது. முக்கியமான பேச்சு வந்துவிட்டால் நாற்காலியை நம்மோடு சேர்த்து டிவி பக்கம் திருப்பிவிடுவார். படித்தானதும் மறுபடி கண்ணாடி பக்கம். ஒருமுறை முடி வெட்டிக்கொள்வதற்குள் நாலைந்து சுற்றாவது ஆகிவிடும்.

"தலை சுத்துதா? விண்வெளிக்குப் போறதுன்னா சும்மாவா" என்பார்.

கேப்டன் என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். பெண்களுக்கு மட்டும் முடி வெட்டும் சின்னக் கடை. பக்கத்தில் சாவி செய்யும் கடை, மாடியில் தட்டச்சு வகுப்பு. கேப்டனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. தன் முடியை ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டிக்கொண்டிருப்பார். புதிதாக வருகிறவர்களை உட்கார வைத்ததுமே சொல்லிவிடுவார்: "வலது பக்கம் நின்னு சிரிக்காதீங்க. திருப்பிச் சிரிக்கலேன்னா திமிர் பிடிச்சவள்னு நினைச்சுக்குவீங்க." அவருடைய வலது கண்ணுக்குப் பார்வை கிடையாது. பார்த்தால் தெரியாது, கொஞ்சம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றும்போது கூஜாவின் வாயை டம்ளரின் விளிம்பில் 'டிக்' என்று தட்டி உட்கார வைத்துவிட்டுத்தான் சாய்ப்பார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால், பைலட் என்பார்.

யார் அந்தப் பைலட் என்று நானும் ஒருநாள் கேட்டேன். முன்முடியைச் சீவியபடியே சொன்னார்.

சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டிவியில் ஒரு விண்வெளித் தொடர் வரும். அக்காவும் தங்கையான இவரும் அதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பார்கள். வேற்று மொழித் தொடர். ஒரு வார்த்தை புரியாது. படத்தைப் பார்த்து இருவரும் ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு, எது சரி என்று அடுத்த ஞாயிறு வரை சண்டை போடுவார்கள். காலி பாட்டில்களை ஒட்டி விண்கலமும் செய்தார்கள். அதற்கு மூக்கு வைக்கப் பொருத்தமான சிவப்பு மூடி குளியலறை அலமாரியில் இருந்தது, குழாய் அடைப்பு நீக்கும் மருந்து பாட்டிலின் மேல். தங்கை எட்டி இழுத்தாள். மூடி கையோடு வந்தது. மருந்து முகத்தில் கொட்டியது.

இரண்டு கண்ணுக்கும் கட்டு. வீட்டில் வாரக்கணக்கில் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் டிவி சத்தம் மட்டும் கேட்கும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நடப்பதை நடக்க நடக்கச் சொல்வாள். சண்டையெல்லாம் போன இடம் தெரியவில்லை. அக்கா சொன்னதுதான் கதை. அந்த நாட்களில்தான் கலத்தில் ஒரு புதுப் பைலட் வந்து சேர்ந்தார். மெதுவான, இதமான குரல். ஏதோ ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் தாக்கி அவருடைய கண்ணிலும் கட்டு. அவிழ்த்தபோது ஒரு கண்ணில்தான் பார்வை இருந்தது. இனி இவர் எதற்கு, ஏதாவது ஒரு கிரகத்தில் இறக்கிவிடலாம் என்று மற்றவர்கள் பேசினார்கள். ஒரே ஒருமுறை ஓட்டிக் காட்டுகிறேன் என்றார் பைலட். பாறைகள் பறந்து வரும் வெளியில் கழுத்தை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கீறல் விழாமல் கலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கொஞ்ச நாளில் தங்கைக்கும் கட்டு அவிழ்த்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் வந்தது. வலது கண்ணில் எதுவும் வரவில்லை. அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அம்மா அழுதார். "அழாதம்மா. பைலட்டுக்கும் ஒண்ணுதான்" என்று தங்கை சொன்னாளாம். பைலட் யாரென்று தெரியாத அம்மா, குழந்தைக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று இன்னும் அதிகமாக அழுதார்.

அந்தத் தொடரை வெளியூரில் வேலை பார்க்கும் கேப்டனின் மகள்தான் இணையத்தில் தேடிப் பிடித்து, விடுமுறைக்கு வந்தபோது கடை டிவியில் வரும்படி செய்துகொடுத்தாள். இத்தனை வருடம் கழித்து முதல்முறையாகத் தமிழ் எழுத்தோடு. தினமும் கடை திறந்ததும் கேப்டன் அதைத்தான் போடுவார். அட்டைப் பாறைகளும் விண்கலத்தின் அடியில் தெரியும் கயிறும் அவரைத் துளியும் உறுத்தவில்லை. "எங்களுக்காகப் பாவம் எவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்டியிருக்காங்க பாருங்க" என்பார். அக்கா அன்று கல்யாணம் என்று சொன்ன காட்சி வந்தபோது நாற்காலியைத் திருப்பிப் படித்தார். அது ஒரு விசாரணை. மாப்பிள்ளை என்று இவர் நினைத்திருந்த ஆளுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். தலையில் சாயம் தடவி ஊறிக்கொண்டிருந்த வங்கிக்காரம்மா, "பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லையே" என்றார். கடையே சிரித்தது.

ஆனால் பைலட் வரவில்லை. வாடிக்கையாளர்களுக்கும் இது தொற்றிக்கொண்டது. கதவைத் திறக்கும்போதே "வந்துட்டாரா?" என்றுதான் கேட்போம். ஒருநாள் அந்த மெதுவான, இதமான குரல் கேட்டது. கேப்டன் வெடுக்கென்று நாற்காலியைத் திருப்பினார். திரையில் மனிதர் யாரும் இல்லை. விளக்குகள் மின்னும் ஒரு சுவர் பேசிக்கொண்டிருந்தது, கலத்தின் கணினி. "இது வேற யாரோ" என்றார், நாற்காலியை மறுபடி கண்ணாடி பக்கம் திருப்பியபடி.

கடைசிப் பகுதி முடிந்த அன்று நாற்காலியில் இருந்தது நான். பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்து திரை கறுத்துவிட்டது. என் முன்முடியில் பாதி கத்தரிக்கோலுக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். கேப்டன் கைப்பேசியை எடுத்து, சீப்புகள் வைக்கும் தட்டில் சாய்த்து, ஒலிபெருக்கியில் போட்டு, வெட்டத் தொடங்கினார். அவருடைய அக்கா ஒரு துணிக்கடையில் மேற்பார்வையாளர். பின்னணியில் யாரோ வேறு நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அந்தப் பைலட் எங்கக்கா? முழுசும் பாத்து முடிச்சுட்டேன். அப்படி ஒருத்தரே இல்ல."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். துணிக்கடை அடங்கியது.

"இருக்க மாட்டான். அவனைக் கலத்துல நாந்தான் ஏத்திவிட்டேன்."

ஆஸ்பத்திரியில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, டாக்டர் அப்பாவிடம் பேசியதை அக்கா கேட்டுவிட்டாளாம். வலது கண் வராது. கட்டு அவிழ்க்கும்வரை குழந்தைக்குச் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அக்காவுக்கே பத்து வயதுதான். யாரிடமும் கேட்காமல் கைக்குட்டையால் தன் வலது கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்திருக்கிறாள். கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். டம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றி ஊற்றி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கூஜாவை விளிம்பில் முட்டுக்கொடுத்தால் சிந்தாது என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பைலட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"உங்கிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. அதான், முதல்ல அவனுக்கு ஆகட்டும்னு விட்டேன்" என்றது குரல்.

கேப்டனின் கை நின்றுவிட்டது. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீதான் அவனை அவ்வளவு நம்பிட்டிருந்தியே. நடுவுல நான் எதுக்கு?"

கண்ணாடியில் பார்த்தேன். கேப்டனின் இரண்டு கண்ணிலும் நீர் நிறைந்திருந்தது. அழுவதற்கு அந்த வலது கண்ணும் உதவத்தான் செய்கிறது. நன்றி என்றோ வேறு ஏதோ என்றோ அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். "முடி ரொம்ப வளந்திருக்குமே உனக்கு. வாயேன்" என்றார்.

அன்று என் முன்முடி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் போயிற்று. அதைச் சரிசெய்துகொள்ள அடுத்த வாரம் போனபோது அக்காவும் வந்திருந்தார். தங்கையைவிட உருவத்தில் சிறியவர். அடக்கமான பருத்திப் புடவை, நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு வரும் கால் வீக்கம். யாராவது கவனித்துவிடுவார்களோ என்பதுபோல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வங்கிக்காரம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா பைலட்?" என்றார். அக்கா வெட்கப்பட்டு, தங்கை எப்போதும் சின்ன விஷயத்தையும் பெரிதாக்குவாள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, தொடரில் அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். ஆயுள் தண்டனை என்றேன். "அடக் கடவுளே. நான் பொண்ணுக்கு நகையெல்லாம் போட்டு விட்டேனே" என்றார்.

கேப்டன் மூலையில் இருந்த தலை அலசும் தொட்டிக்கு அக்காவைக் கூட்டிப்போய், கழுத்துக்கு அடியில் துண்டு வைத்து, மெல்லச் சாய்த்தார். வெந்நீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக்கொண்டார். நரைத்த முடியில் நுரை எழுந்து நெற்றிக்கு வழிந்தது. உடனே இடது கையை அக்காவின் புருவத்துக்கு மேல் வைத்து, விரல்களை இறுக்கிச் சேர்த்து, இரண்டு கண்களையும் மறைத்துக்கொண்டார். வலது கையால் நீர் விட்டு அலசினார். நுரை போயிற்று. குழாயை மூடினார். அந்த இடது கையை மட்டும் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.