புதிய தளத்துக்கு வந்த ஒன்பது பேர்

1

திங்கட்கிழமை காலை 6.10. மடிக்கணினியைத் திறந்ததும் முதலில் கண்டது ஒரு சாம்பல் நிறப் பெட்டி: ‘உங்கள் பக்கம் முடக்கப்பட்டுள்ளது.’ காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்த வருடத்தில் அது இரண்டாவது தடவை.

பத்திரிகை வேலையை விட்ட பிறகு எங்கள் ஊரான கம்பளையின் செய்திகளுக்காக அந்தச் சமூக ஊடகப் பக்கத்தை நடத்திவந்தேன். அன்றே பரவலாக்கப்பட்ட தளம் ஒன்றுக்கு மாறினேன். அங்கே ஒரே முதலாளி கிடையாது. பலர் தனித்தனியாக நடத்தும் சேர்வர்கள் தமக்குள் தொடர்பு வைத்திருக்கும். ஒன்றில் தகராறு என்றால் இன்னொன்றுக்குப் போகலாம். தெரிந்த எல்லோருக்கும் லிங்க் அனுப்பி, இனிப் பழைய இடத்துக்குத் திரும்பமாட்டேன் என்றும் எழுதினேன்.

இரண்டு வாரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் பத்திரிகைக்காரர்கள்.

2

மற்றவர்கள் ஏன் வரவில்லை? குறிப்புப் புத்தகத்தோடு கடை கடையாகப் போய்க் கேட்டேன். தளம் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. பலர் சேரும்போது வரும் முதல் கேள்வியிலேயே நின்றிருந்தார்கள்.

“எந்த சேர்வர்னு கேக்குதுண்ணே,” என்றார் பார்மசியில் வேலை செய்யும் செல்வி. “காய்ச்சலோட வந்தவங்ககிட்ட எந்தக் கம்பனி மருந்து வேணும்னு நான் கேட்டா, எந்திரிச்சுப் போயிருவாங்கல்ல? நானும் போயிட்டேன்.”

பாஸ்வேர்ட் மறந்துபோனால் யாரிடம் கேட்பது என்றார் ஓர் ஆசிரியர். அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

3

அதே வாரம் வியாழக்கிழமை காலை ஹார்ட்வெயார் கடை ரிஸ்வான் அழைத்தார். விடியற்காலை சுபஹு நேரத்தில் அவருடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம். வாப்பாவின் தம்பி தொலைவில், புத்தளத்தில். அந்தச் சாச்சாவின் இலக்கம் வேலை செய்யவில்லை. எட்டு மணிக்கு ஜனாஸா அறிவித்தலைப் புதிய தளத்தில் போட்டேன்.

ஒன்பது மணிக்கு ரிஸ்வான் மறுபடி அழைத்தார். “அண்ணன், கீழ ஒருத்தரும் ஒண்டும் எழுதல்லயே. அதப் பாத்துத்தானே யாரு வாரன்னு தெரியும். சாச்சா வாரன்டா பின்னேரம் அஸர் தொழுகைக்குத் தள்ளி வெக்கலாம். பழையதுல போடுங்களேன்.”

அறிவித்தல் என்றால் நான் எழுதும் நான்கு வரி என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மரண வீட்டார் வாசித்தது அதன் கீழே வரும் வரிகளை.

“திரும்பமாட்டேன்னு எழுதினது நீங்க. நான் எழுதலியே,” என்று என் மனைவி தன் போனை நீட்டினார். பழைய தளத்தில், அவருடைய கணக்கில் போட்டேன். பத்து மணிக்குள் அறுபது பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள். ஒருவர் சாச்சாவின் மகன்: ‘வாப்பாவக் கூட்டிக்கிட்டு வெளிக்கிட்டோம்.’

அடக்கம் அஸருக்கு மாறியது. மூன்று மணிக்குச் சாச்சா வந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

தளம் நல்லதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் கேட்டது, சாச்சா அங்கே இருக்கிறாரா என்று. ஒரு தளத்தை மாற்றச் சொல்பவர் முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கவேண்டும். இப்போது புதியதிலும், மனைவியின் கணக்கு வழியாகப் பழையதிலும் போடுகிறேன்.

புதிய தளத்தில் அன்றைய அறிவித்தலுக்குக் கீழே ஒரே ஒரு கமெண்ட் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து ஒருவர், இது எந்த மொழி என்று கேட்டிருக்கிறார்.