ராஜலட்சுமியின் சான்றிதழ்கள் எழுந்தருளிய நாள்

ராஜலட்சுமி அம்மையார் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர் என்பதற்கு 2001ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருந்தது. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் அது வெறும் வாய்மொழி வரலாறாகவே வழங்கி வந்தது.

அந்த ஜூன் மாதத்தில்தான் அவர் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்த அபயஹஸ்தா பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் ராஜப்பன் அவருடைய பத்தாம் வகுப்பு முதல் எம்.ஃபில். வரையிலான ஐந்து அசல் சான்றிதழ்களையும் வாங்கி, ஒரு காகித உறையில் போட்டு, மேலே எண் எழுதினார். ராஜலட்சுமி ரசீது கேட்டார்.

“ஏம்மா, பொண்ணக் கட்டிக் குடுக்கறப்ப ரசீதா வாங்கறோம்? ஒரு நம்பிக்கைதான்” என்றார் ராஜப்பன்.

கல்லூரியின் நிறுவனர் நாராயணப்பன் அடிப்படையில் மாம்பழக் கூழ் வியாபாரி. குந்தாரப்பள்ளிப் பக்கம் ஆலை வைத்து, மாம்பழத்தைப் பிழிந்து டின்னில் அடைத்து வளைகுடா நாடுகளுக்கு அனுப்பி வந்தார். பிழிவதில் தமக்கிருந்த தேர்ச்சியை மாம்பழத்தோடு நிறுத்திக்கொள்வது சமுதாயத்துக்குச் செய்யும் துரோகம் என்று உணர்ந்து 1998இல் கல்லூரி தொடங்கினார். கோபம் வந்தால் தெலுங்கு, பேரம் பேசினால் கன்னடம், மேடையேறினால் மட்டும் தமிழ் என்று மும்மொழிக் கொள்கையைத் தனியொருவராகக் கடைப்பிடித்தவர் அவர்.

விரிவுரையாளர்களின் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கவில்லை. கூழ் ஆலையின் இரும்புக் கதவு போட்ட அறையில், ஒரு பச்சைத் தகரப் பெட்டிக்குள் இருந்தன. அசல் இல்லாமல் வேறெந்தக் கல்லூரியும் வேலை தராது. எனவே அறுபத்து மூன்று விரிவுரையாளர்களும் கல்லூரியின் மீது கொண்டிருந்த பற்று அளவிட முடியாததாக இருந்தது. உற்சவ மூர்த்தி போல ஆண்டுக்கொருமுறை மட்டும் அந்தப் பெட்டி ஜீப்பில் ஏறிக் கல்லூரிக்கு எழுந்தருளும். அனுமதியைப் புதுப்பிக்க வரும் ஆய்வுக் குழுவுக்கு, ஒவ்வொருவரும் தம் அசலைக் கையில் ஏந்திக் காட்ட வேண்டும். காட்டி முடித்ததும் பெட்டி மலையேறிவிடும்.

ராஜலட்சுமி கோவில்பட்டிப் பக்கத்தவர். கணவர் முத்துக்குமார் ஓசூர் சிப்காட்டில் எந்திரம் ஓட்டுபவர். ஐ.டி.ஐ. படித்த கணவரின் சம்பளம் எம்.ஃபில். படித்த மனைவியின் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு என்பதை இருவரும் பெருந்தன்மையோடு பேசாமல் விட்டிருந்தனர். வகுப்பில் ராஜலட்சுமியின் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. மே மாதத்தில் வேப்பனப்பள்ளி மாந்தோப்புகளுக்குள் அலைந்து, ஆளுக்கு ஐந்து மாணவர் பிடித்து வரும் பணியையும் முணுமுணுக்காமல் செய்து வந்தார். இத்தகைய சாதுவைப் புரட்சியாளராக மாற்றிய பெருமை முழுவதும் நாராயணப்பனையே சேரும்.

2007 மே மாதம் நாராயணப்பனின் மகனுக்குத் திருமணம். ஆண் விரிவுரையாளர்கள் பந்தியில் பரிமாறவும், பெண் விரிவுரையாளர்கள் ஒரே நிறப் புடவையில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கவும் சுற்றறிக்கை வந்தது. ராஜலட்சுமியின் மகள் ஸ்வாதிக்கு அன்று நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். விடுப்பு மறுக்கப்பட்டது. பதினோரு மணி வரை பன்னீர் தெளித்த ராஜலட்சுமி, செம்பை நாற்காலியில் வைத்துவிட்டுப் பேருந்தேறி வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது: ‘பணி நேரத்தில் பன்னீர்ச் செம்பைக் கைவிட்டுச் சென்றமைக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’

இயற்பியலில் பன்னீர்ச் செம்பு எந்தப் பாடத்தில் வருகிறது என்று ராஜலட்சுமி இரவு முழுக்க யோசித்தார். காலையில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முனிவேலிடம் போனார். முனிவேல் இயந்திரவியல் துறை. வேப்பனப்பள்ளி விவசாயக் குடும்பம். தனியார் கல்லூரி விரிவுரையாளர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டு, தலைவராகவும் ஒரே உறுப்பினராகவும் இருந்தவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“மேடம், இதுக்குத்தாங்க காத்துட்டிருந்தேன். சம்பளம் கம்மின்னா நம்மாளுங்க வரமாட்டாங்க. மானம் போச்சுன்னா வருவாங்க” என்றார்.

முதல் கூட்டம் ஜூன் மாதம், முத்துக்குமாரின் தொழிற்சங்கம் இரவல் கொடுத்த மாடியறையில் நடந்தது. தலைக்கவசம் கட்டாயம் என்று அரசு ஆணையிட்டிருந்த சமயம். விரிவுரையாளர்கள் அந்த ஆணையை மாடிப்படியிலும் கடைப்பிடித்தனர், அறைக்குள்ளும் கடைப்பிடித்தனர். அடையாளம் தெரிந்தால் வேலை போய்விடும் அல்லவா. பதினேழு தலைக்கவசங்கள் வரிசையாக உட்கார்ந்து சங்கத்தைத் தொடங்கி வைத்தன. தேநீர் வந்தபோது மட்டும் கண்ணாடிகள் பாதியளவு உயர்ந்தன.

ஏழு கோரிக்கைகள் முடிவாயின. அரசு அறிவித்த ஊதியம் கையில் வர வேண்டும். பிரசவ விடுப்பு வேண்டும். ஆள் பிடிக்க அனுப்பக்கூடாது என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில், அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதை முதலில் போடச் சொன்னவர் ராஜலட்சுமி.

“அது கைல இருந்தாத்தான் மத்த ஆறையும் வாய்விட்டுக் கேக்க முடியும்” என்றார்.

அடியில் கையெழுத்துப் போடும் நேரம் வந்ததும் அறையில் காற்றுப் பற்றாக்குறை ஏற்பட்டது. பேனா ஒவ்வொரு தலைக்கவசத்தையும் வணங்கிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது. கடைசியில் இரண்டே கையெழுத்துகள்தான் விழுந்தன. மற்ற பதினைந்து பேரும் மனதளவில் கையெழுத்திட்டார்கள். மனுவும், அது தொடர்பான நினைவூட்டுகளும், நினைவூட்டுக்கான நினைவூட்டுகளும் ஏழு மாதம் போயின. 2008 ஜனவரியில் நாராயணப்பன் ராஜலட்சுமியைத் தம் அறைக்கு அழைத்தார்.

“ஏம்மா, படிச்ச பொம்பள. ஃபேக்டரி ஆளுங்க மாதிரி சங்கம், கோஷம்னு. நம்முது குடும்பம்மா.”

“குடும்பத்துல யாரும் அடுத்தவங்க சான்றிதழப் பூட்டி வைக்க மாட்டாங்க சார்.”

“பாரும்மா. நீ எம்.எஸ்சி.ன்னு நான் சொன்னாத்தான் எம்.எஸ்சி. பெட்டி எங்கிட்ட இருக்குது.”

“அப்ப ஏழு வருஷமா வகுப்புல நின்னு பாடம் எடுத்தது யாரு சார்?”

நாராயணப்பன் தெலுங்குக்கு மாறினார். அது தமிழில் எழுதத்தக்கதல்ல. சங்கத்திலிருந்து விலகி மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலை. இல்லையென்றால் தற்காலிகப் பணிநீக்கம், சான்றிதழ்கள் நிரந்தரமாகக் கூழ் ஆலையில். முனிவேலை அவர் தொடவில்லை. வேப்பனப்பள்ளியில் முனிவேலின் உறவுக்காரர்கள்தாம் ஆலைக்கு மாம்பழம் போடுகிறவர்கள். மாங்காய்ப் பருவம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் ராஜலட்சுமி வெள்ளைத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சான்றிதழ் போனால் பதினெட்டு ஆண்டுப் படிப்பும் போனது. நகல் வாங்கலாம்தான், தொலைந்துபோனதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தொலையாத பொருளை, அதுவும் இருக்குமிடம் நன்றாகத் தெரிந்த பொருளை, தொலைந்ததாக எழுத அவருக்குக் கை வரவில்லை.

“எங்க கம்பெனில ஸ்பேனர நாங்கதான் வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுப்போம்” என்றார் முத்துக்குமார். “ஒங்க ஆளு படிச்சவுக படிப்பையே வாங்கி வச்சிருக்காரு. இவருட்ட மன்னிப்புக் கேக்கப் போறியா?”

“கேக்கலன்னா சோத்துக்கு என்ன செய்ய?”

“ஓவர்டைம் பாக்கேன். நீ அந்தத் தாள எடுத்து ஸ்வாதிக்கு படம் வரையக் குடு.”

ஸ்வாதி அதில் ஒரு யானை வரைந்தாள்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் ராஜப்பன் தொலைபேசியில் அழைத்தார். குரலில் தேன் சொட்டியது. வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. இயற்பியலுக்கு நான்கு பேர் வேண்டும்; மூன்று பேர்தான் இருக்கிறார்கள்.

“கூழ் ஆலை மேனேஜரையே நிக்க வச்சிரலாமே சார்” என்றார் ராஜலட்சுமி.

“அவர ஏற்கெனவே கணிதத்துல போட்டாச்சும்மா.”

“நான் சஸ்பெண்ட் ஆனவளாச்சே.”

“அன்னைக்கு ஒரு நாள் ஆகலைன்னு வெச்சுக்குவோம்.”

ராஜலட்சுமி முனிவேலைக் கேட்டார்.  “பெட்டி வருதுங்களே மேடம்” என்றார் முனிவேல். புதன்கிழமை மாடியறைக்கு முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். பெட்டி கைக்கு வரும் ஒரே நாளில் என்ன செய்வது என்பது அன்று முடிவானது.

வியாழன் காலை ஒன்பதரைக்குப் பெட்டி வந்து சேர்ந்தது. திறந்ததும் ஆசிரியர் அறை முழுக்க மாம்பழக் கூழின் வாசனை. ராஜலட்சுமி தம் உறையைப் பிரித்தார். எம்.எஸ்சி. பட்டத்தின் ஓரம் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. ஐந்தையும் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

ஆய்வுக் குழுவில் ஒரு பெரியவர், நல்ல மனிதர். சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, “ஏழு வருஷமா இங்கதான் இருக்கீங்களா? ஏதாவது குறை உண்டா?” என்று கேட்டார்.

பக்கத்தில் நாராயணப்பன் புன்னகைத்தபடி நின்றார். அந்தப் புன்னகைக்குள் பற்கள் ஒன்றோடொன்று அரைபடும் ஓசை அருகிலிருந்தவர்களுக்குக் கேட்டது.

“ஒரிஜினல் என் கையில இருக்கு சார். இன்னைக்கு ஒரு குறையும் இல்ல” என்றார் ராஜலட்சுமி.

பெரியவர், ‘ஆசிரியர்கள் மனநிறைவுடன் உள்ளனர்’ என்று குறித்துக்கொண்டார்.

மூன்றரைக்குக் குழு கிளம்பியது. நான்கு மணிக்கு ராஜப்பன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஒவ்வொருத்தரா வந்து போடுங்க” என்றார். முதலில் ராஜலட்சுமி எழுந்தார். உறையைக் கைப்பையில் வைத்து, பையின் ஜிப்பை இழுத்தார்.

“எனக்கு வேணும் சார்” என்றார். இம்முறை குரல் கடைசி பெஞ்சு வரை போனது.

முனிவேல் எழுந்தார். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டுமே கேட்டது. இருபத்திரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியில் போட்டார்கள். நாற்பத்தொரு பேர் போடவில்லை. கீழே போவதற்குள் வாயிற்கதவு பூட்டப்பட்டது. அசலை ஒப்படைக்காமல் ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று நாராயணப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் மறந்த ஒன்று, பின்னால் நின்ற பதினான்கு கல்லூரிப் பேருந்துகள். மாணவர்களை ஏற்றிக்கொண்டு அவையும் கதவுக்கு உள்ளேதான் இருந்தன. கால்மணி நேரத்தில் ஓட்டுநர்கள் ஒலியெழுப்பத் தொடங்கினார்கள். அரைமணி நேரத்தில் பெற்றோர்கள் தொலைபேசியில் கூப்பிடத் தொடங்கினார்கள். ஐந்தேகாலுக்கு நாராயணப்பனின் கைப்பேசியில், பர்கூரிலிருந்து ஒரு வட்டச் செயலாளர், “எம்பொண்ண எதுக்குய்யா பூட்டி வெச்சிருக்க?” என்று விசாரித்தார்.

“பஸ்ஸ மட்டும் விடுங்க” என்று கத்தினார் நாராயணப்பன்.

“முடியாதுங்க சார்” என்றார் முனிவேல், மிகுந்த பணிவுடன். “பொறுப்பு விரிவுரையாளர் ஏறாம எந்த பஸ்ஸும் கேட்டத் தாண்டக்கூடாதுன்னு நீங்க போட்ட சர்க்குலர் அமல்ல இருக்குதுங்க. நாங்கதான் அந்தப் பொறுப்பு. சட்டத்த மீறச் சொல்லாதீங்க.”

நாராயணப்பன் கையசைத்தார். கதவு திறந்தது. ராஜலட்சுமி நீங்கலாக நாற்பது பேரும், பேருந்துக்கு இருவர் மூவராக, கைப்பைகளை மார்போடு அணைத்தபடி தங்கள் கடமையை ஆற்ற ஏறினார்கள். பேருந்துகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஓசூர் போகும் நான்காம் எண் பேருந்து மட்டும் நகரவில்லை. அதன் பொறுப்பாளர் ராஜலட்சுமி. ஜனவரி முதல் அந்தப் பொறுப்பைத் தற்காலிகமாகக் கவனித்து வந்தவர், சான்றிதழைப் பெட்டியில் போட்ட வெட்கத்தில் பின்வாசல் வழியாகப் போயிருந்தார்.

“ஏறும்மா” என்றார் நாராயணப்பன்.

“சஸ்பெண்ட் ஆனவ ஏறலாமா சார்? சர்க்குலர்ல அப்படி இல்லையே.”

வண்டிக்குள்ளிருந்து ஐம்பது மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாராயணப்பன் ஒருமுறை கன்னடத்தில் பேரம் பேசிப் பார்த்தார். ராஜலட்சுமிக்குக் கன்னடம் தெரியாது.

“சஸ்பென்ஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏறித் தொல.”

“இத்தன பேர் கேட்டிருக்காங்க சார்” என்று சொல்லிவிட்டு ராஜலட்சுமி ஏறினார்.

மறுநாள் எட்டேமுக்காலுக்கு அவர் கல்லூரிக்கு வந்தபோது வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பிப்ரவரிப் பக்கத்தில் அறுபத்திரண்டு பெயர்கள்தாம் இருந்தன. ராஜப்பன் மேசைக்கு அந்தப் பக்கம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “சேர்மன் எழுத்துல எதுவும் தரலம்மா” என்றார். “வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் ஒரிஜினலத் திரும்பக் குடுக்கணும்னு நோட்டீஸ் டைப் ஆகுது.”

“இன்னைக்கே வெள்ளிக்கிழமதான சார்.”

“அடுத்த வெள்ளி.”

“வரட்டும். படிச்சுப் பாத்ததுக்குக் கையெழுத்துப் போடுறேன். நேத்து குழுவுக்குக் குடுத்த லிஸ்ட்ல என் பேரு எத்தனாவது சார்?”

 இயற்பியல், வரிசை எண் மூன்று, முழுநேரப் பணி என்று அவரே தட்டச்சு செய்து, நாராயணப்பனே கையொப்பமிட்டுக் கொடுத்த பட்டியல் அது.

ராஜலட்சுமி மேசையிலிருந்த அளவுகோலை எடுத்தார். அறுபத்திரண்டாம் பெயருக்குக் கீழே, பதிவேட்டில் இல்லாத ஒரு கோட்டை நிதானமாகப் போட்டார். அந்தக் கோட்டின் மேல் தம் பெயரை எழுதினார். எதிரே அன்றைய தேதிக்கான கட்டத்தில் கையொப்பமிட்டார்.

“இப்படி நீங்களே எழுதிக்கிட்டா எப்படிம்மா?” என்றார் ராஜப்பன்.

“மத்த ஆறு கோரிக்கையப் பத்திப் பேச மத்தியானம் முனிவேல் சாரோட வர்றேன். சேர்மன் இருப்பாரான்னு கேட்டு வைங்க.”

மணி அடித்தது. முதல் பாடவேளை, முதலாமாண்டு, சி பிரிவு. ராஜலட்சுமி மேசையிலிருந்து இரண்டு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.