டிரெசர் வீட்டம்மாவின் லைசென்ஸ்

நண்பகல் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து வேனின் தகரத் தரையை என் முதுகு இன்னும் மறக்கவில்லை. முதல் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கோலா பிலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துவந்த டிரெசர் மருந்துப் பெட்டியை மூடிவிட்டார்.

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகள் வழிமறித்து அரிசி கேட்டதில் பயந்துபோன டிரைவர், முந்தின வாரம்தான் யாரிடமும் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போயிருந்தார். தோட்டத்து மேனேஜர் துரை அன்று சிரம்பானில் இருந்தார். டிரெசருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது, தோட்டப் பள்ளி வாத்தியாரான என் கணவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதமே ஆகியிருந்த டிரெசரின் மனைவிதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுகிற இடத்தில் ஏறினார். ஊரில் தகப்பனாரின் காரை ஓட்டிப் பழகியவர். "பயப்பிடாதை பிள்ளை, கெதியாப் போயிடலாம்" என்றார்.

பாதி வழியில் சாலைத் தடுப்பு. காவலர் லைசென்ஸ் கேட்டார். டிரெசர் வீட்டம்மா இலங்கை லைசென்ஸை நீட்டினார். காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த நாட்டு லைசென்ஸ் இல்லாமல் விட முடியாது, அதிகாரி வந்துதான் சொல்ல வேண்டும் என்றார். காட்டுக்குக் கடத்தும் அரிசி வேனுக்குள் இருக்கிறதா என்று என் காலடியில் கிடந்த துணி மூட்டையைக்கூட அவிழ்த்தார்கள். டிரெசர் மலாயில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். என் கணவருக்குத் தெரிந்த மலாயும் மறந்துபோயிற்று. "துவான், இவ செத்துருவா லா. இவள கொண்டுபோய் விட்டுட்டு நானே வந்து இங்க ஒக்காந்துக்கிறேன்" என்று தமிழிலேயே கெஞ்சினார். காவலர் என் பக்கம் பார்க்காமல் நின்றார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த அதிகாரி, வேனுக்குள் எட்டிப் பார்த்ததும் போகச் சொல்லிக் கையசைத்தார். லைசென்ஸை அவர் வாங்கிப் பார்க்கவேயில்லை.

ஆண் பிள்ளை. அழவில்லை.

அதன்பிறகு அம்மா என்னைப் பார்க்க வரவில்லை. சிரம்பானுக்குப் போய் லைசென்ஸுக்கான சோதனை கொடுத்துக்கொண்டிருந்தாராம். முதல் தடவை சோதிப்பவர் சொன்னது விளங்கவில்லை. இரண்டாம் தடவை மேட்டில் வண்டி பின்னால் உருண்டுவிட்டது. மூன்றாம் தடவை தேறி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, புது லைசென்ஸை என் கையில் வைத்தார். "இனி ஒருத்தரும் மறிக்கேலாது, பிள்ளை."

"இப்ப எதுக்கும்மா?" என்றேன்.

அவர் லைசென்ஸை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். என் வாழ்நாளில் நான் திரும்ப வாங்கிக்கொள்ள நினைக்கும் சொல் அது ஒன்றுதான்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி வலி வந்தபோதும் அம்மாதான் ஓட்டினார். அதே தடுப்பு. வேறொரு காவலர் போகும்படி கையசைத்தார். அம்மா போகவில்லை. வண்டியை நிறுத்தி, லைசென்ஸை ஜன்னல் வழியே நீட்டி, "பாருங்கோ" என்றார். காவலர் சிரித்துக்கொண்டே மறுபடி கையசைத்தார். நீட்டிய கை இறங்கவில்லை. அவர் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அன்று பிறந்த மகள்தான் இப்போது என்னைக் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். வழியில் போலீஸ் நின்றால் பேச்சை நிறுத்தாமலே வேகத்தைக் குறைக்கிறாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன்.