கருணாகரனும் மிஸ்ஸியின் சிவப்புக் காடியும்

மலாக்காவில், காஜா பேராங் சாலையில் பட்டறை வைத்திருந்த கருணாகரன், வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள் அதன் கோளாறைச் சொல்லிவிடுவார். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, ஜப்பான்காரன் காலத்தில் ராணுவ லாரிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றவர். அங்கே யோசித்துக்கொண்டு நின்றால் கன்னத்தில் அறை விழும். அப்போது வந்த அவசரம் சண்டை முடிந்தும் போகவில்லை. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்ததால், தவறிய வேளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவரும் பேசமாட்டார்.

1957-இல், மெர்டேக்காவுக்காக, மலாயாவின் சுதந்திரத்துக்காக, ஊரே கொடி தைத்துக்கொண்டிருந்த நாட்களில், சாரதாம்பாள் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆஸ்பத்திரி நர்ஸ் என்பதால் ஊருக்கே அவள் ‘மிஸ்ஸி’. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் வாங்கிய கார் அது; ஊர்ப் பேச்சில் ‘காடி’. இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, ரத்தச் சிவப்பு, பந்தயத்துக்கென்றே முறுக்கேற்றிய இஞ்சின். அவள் அதில் பண்டார் ஹிலிர் பக்கம் போனால் ரிக்‌ஷாக்காரர்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

அன்று காரின் முகப்பிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது.

“ரேடியேட்டர் மூடி போச்சு மிஸ்ஸி. காடிக்கு வேற ஒண்ணும் இல்ல” என்றார் கருணாகரன்.

மூடியை மாற்றினார். கார் திரும்பி வந்தது. தண்ணீர் பம்ப் என்றார், அதையும் மாற்றினார். மறுபடியும் வந்தது. எதிர்க் கோப்பிக்கடைக்காரர்கள் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

“அண்ணே, மலையேற்றப் போட்டிக்குப் பேரு குடுத்தாச்சு” என்றாள் சாரதாம்பாள். மோட்டார் சங்கம் ஒரு எஸ்டேட் மலைச்சாலையில் நடத்தும் போட்டி அது. ஒவ்வொரு காராக மேலே விரட்டி நேரம் பார்ப்பார்கள். “பொம்பள ஓட்டப்போறாளான்னு இப்பவே சிரிக்கிறாங்க. பாதி மலையில கொதிச்சு நின்னா அந்தச் சிரிப்ப ஆயுசுக்கும் கேக்கணும்.”

கருணாகரன் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டார். காரை நன்றாக ஆறவிட்டு, ரேடியேட்டரைத் திறந்து வைத்தபடியே இஞ்சினைக் கிளப்பினார். தண்ணீர் சுடுவதற்கு முன்பே குமிழி குமிழியாகப் பொங்கியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். மற்றவை கரியேறிக் கிடக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளபளத்தது. எண்ணெய் மூடியின் அடியில் பால் கோப்பி நிறத்தில் ஒரு கூழ்.

“ஹெட் கேஸ்கெட் போயிருக்கு மிஸ்ஸி. இஞ்சினோட தலைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு செம்புத் தகடு இருக்கும். இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் தண்ணி. ரெண்டும் சேராம அதுதான் காவல். அது ஓட்டை.”

“இத ஏன் மொத நாளே பாக்கல?”

“பாக்கல” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் புதுத் தகடு வந்தது. பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்துத் தலையைப் பூட்டி, புக்கிட் பாரு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். ஏற்றம் முடியும் முன் மறுபடி ஆவி. கருணாகரன் காரை ஓரங்கட்டிவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டறைக்குக் கார் கயிற்றில் இழுபட்டு வந்ததைப் பார்த்த சாரதாம்பாள் கத்தவில்லை. “நாடி புடிச்சுப் பாக்காம ஊசி போட்டா எங்க ஆஸ்பத்திரியில வேலய விட்டே தூக்கிருவாங்க அண்ணே” என்றாள்.

“தப்பு எம்மேலதான். இத்தன தடவ கொதிச்ச இரும்பு நேரா இருக்குமா? தலை நெளிஞ்சிருக்கான்னு பாத்திருக்கணும். அவசரப்பட்டுட்டேன்.”

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரிடம் அவர் மனைவி பூங்காவனம் சொன்னாள்: “நீங்க பட்டினி கெடந்தா இரும்பு நேராயிருமா? தின்னுட்டுப் போய்ப் பாருங்க.”

தின்றார், போனார். கழற்றிய தலையின் மேல் எஃகு அளவுகோலை நிறுத்தி வெயிலுக்கு நேரே பிடித்தார். நடுவில் மயிரிழை அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டார். ஆற்றங்கரையில் கடைசல் பட்டறை வைத்திருந்த சீன முதலாளியான தவுக்கேயிடம், சமமாகச் சீவித் தரச் சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வேகத்துக்காக ஏற்கெனவே ஒருமுறை செதுக்கிய தலை அது. இன்னும் அதிகம் சீவினால் இஞ்சின் உள்ளுக்குள் டக்டக்கென்று தட்டத் தொடங்கிவிடும். “பெலான் பெலான், தவுக்கே!” என்று, மெதுவாகச் சீவும்படி அவர் பக்கத்திலேயே நின்று கெஞ்ச, தவுக்கே எரிச்சலோடு இயந்திரத்தைக் காட்டி, “நீ வந்து செய்யிறியா?” என்று மலாயில் கேட்டார்.

இரண்டாவது தகடு வந்தபோது சாரதாம்பாளும் வேலை முடிந்து வெள்ளைச் சீருடையோடு வந்து நின்றாள். நடு மரையிலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளியே, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடியும் இறுக்கினார். அவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். கையில் கிரீஸ் படிந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

போட்டியன்று கருணாகரன் மலையின் கடைசி வளைவில், ரப்பர் மரத்தடியில் நின்றார். முதலில் சத்தம் வந்தது, பிறகு சிவப்பு. வளைவில் பின்சக்கரம் சறுக்கிச் செம்மண்ணை அவர் வேட்டி முழுக்க வாரி இறைக்க, கார் மேலே பறந்தது. ஆவி இல்லை, புகை இல்லை. வேட்டியை உதறக்கூடத் தோன்றாமல் பின்னாலேயே ஓடினார்.

“சூடு காட்டுற ஊசி எங்க நின்னுச்சு?” என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

“நடுவுலயே. நேரம் என்னன்னு கேக்க மாட்டீங்களா?”

மூன்றாவதாக வந்திருந்தாள். சிரித்தவர்களில் பலர் அவளுக்குப் பின்னால்தான்.

திரும்பும்போது அவரையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள். காலமெல்லாம் இஞ்சினோடு வாழ்ந்தவர், ஆனால் உருளும் லாரியைவிட வேகமான எதிலும் அதுவரை உட்கார்ந்ததில்லை. மலாக்கா சாலையில் அவள் காலை அழுத்தியதும் மரங்களெல்லாம் ஒரே பச்சைச் சுவராயின.

“மிஸ்ஸி, மெதுவா! மெதுவா!”

“ஓடத்தானே செஞ்சு குடுத்தீங்க? கெட்டியா எதையாவது புடிச்சுக்குங்க அண்ணே!”

“புடிச்சிருக்கேன்!”

“எத?”

“முருகன!”