ஒரு விரல் க்ரீம்

எங்கள் அத்தானுக்குச் செருப்பு வார் அடிக்கடி கழன்றுவிடும். அப்படித்தான் தெருவே நம்பியிருந்தது. பேக்கரியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் தையல் கடை வாசலில் ஒரு முறை குனிந்து வாரைச் சரிசெய்வார். பள்ளிக்கூடச் சுவரோரம் இன்னொரு முறை. திருப்பத்தில் இருக்கிற மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும். "மாஸ்டருக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக் குடுக்க வீட்ல ஆளில்லையா?" என்று தையல்காரர் என்னிடமே கேட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல செருப்புதான் அது, வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பேக்கரி அவருடையது. அடுப்பும் கேக்கும் அவர் பொறுப்பு, கல்லா என் பொறுப்பு. அதனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே அவரிடம் இல்லை. "ஏய் கல்லா" என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அது பழகிவிட்டது. அக்கா வீட்டில் இருந்தபடி எங்கள் இருவரையும் மேய்ப்பாள்.

அத்தானைப் போல வேலை செய்கிற ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அவரைப் போல ருசி பார்க்கிறவரையும் பார்த்ததில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து க்ரீம் அடிக்கும்போது ஒரு விரல். நிறம் கலந்த பிறகு ஒரு விரல். கேக்கின் ஓரத்தை வெட்டிச் சமன் செய்தால் அந்த ஓரம் குப்பைக் கூடைக்குப் போகாது, வாய்க்குப் போகும். கேட்டால், "ருசி பாக்காம வித்தா அது ஏமாத்து வேலை" என்பார். வியாபாரத்தில் அவ்வளவு நேர்மை.

விஷயம் செருப்பில் இல்லை, காலில் இருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பாவம் அந்தச் செருப்பின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்த எனக்கும் தெரியவில்லை, எங்கள் அக்காவுக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் மறைந்திருந்த ஒரே ரகசியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அது வெளியே வந்தது பேத்தியால். அவர் மகள் வாழ்க்கைப்பட்டது மேட்டுத்தெருவில். பெயர்தான் தெரு, உண்மையில் அது நீளமான ஒரு படிக்கட்டு. வண்டி போகாது. உச்சியில் பச்சைக் கதவு போட்ட வீடு அவர்களுடையது. மகள் குடிபோன புதிதில் அத்தான் ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கிறார். பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "இங்கேருந்து பாத்தா ஊரே அழகா தெரியுது" என்று சொல்லி அழகை ரசித்தபடியே இறங்கி வந்துவிட்டார். அதன்பிறகு மகள்தான் இறங்கி வருவாள். குழந்தை பிறந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

குட்டிக்கு முதல் பிறந்தநாள் வர இன்னும் சில மாதம் இருக்கும்போதே, "இங்கயே கொண்டாடிடலாம்ப்பா, நீங்க எதுக்கு ஏறிக்கிட்டு" என்றாள் மகள். அத்தான் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கேக் பண்ணி அனுப்பியிருக்கேன். என் பேத்திக்கு நானே தூக்கிட்டு வருவேன். உன் வீட்டு மேசையில, என் கையால வைப்பேன்."

சொல்லிவிட்டாரே தவிர, மகள் போனதும் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்குத்தான் அக்காவிடம் காலைப் பற்றி வாயைத் திறந்தார். அக்கா குனிந்து அந்தக் காலைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், "அந்தச் செருப்பை எத்தனை தடவை திட்டியிருப்பேன்" என்றாள். மறுநாளே அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. பாதத்தில் நாடி பார்த்தார், கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டார். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் குறுகியிருக்கிறது என்றார். அத்தானுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. "க்ரீம் பிழியற குழல்ல சர்க்கரை கட்டின மாதிரி" என்றார். டாக்டரம்மாவுக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்துப்போனது.

அத்தான் பிடிக்கிற சிகரெட்டை அன்றோடு விடச் சொன்னார். தினமும் நடக்கச் சொன்னார்: வலி வந்தால் நில், விட்டதும் நட. மாத்திரை எழுதும் முன்னால் இதயத்தைச் சோதித்தார், இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாதாம். காலை ஒன்று, மாலை ஒன்று, வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லாவிட்டால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படக் கூடாது. படபடப்போ மயக்கமோ ரத்தக்கசிவோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். கடைசியாக, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் அத்தான், அக்கா பக்கத்தில் இருக்கும்போதே.

எங்கள் கடைக்கு எதிரே மருந்துக்கடை. அங்கே இருக்கிற பெண்ணும் மாத்திரையைக் கொடுக்கும்போது வெறும் வயிறு, வெறும் வயிறு என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். அத்தானும் அப்படியே செய்தார். செய்கிறேன் என்றுதான் சொன்னார்.

முதல் வாரத்திலேயே தலைவலி. அடுத்து நெஞ்சு படபடப்பு. அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "குதிரை ஓடற மாதிரி அடிக்குது கல்லா" என்றார். நான் பயந்துபோய் அக்காவைக் கூப்பிட்டேன். டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை, அளவைக் குறைத்துப் பார்ப்போம் என்றார். "அப்பவும் ஒத்துக்கலைன்னா நிறுத்திட வேண்டியதுதான். வேற வழி யோசிப்போம்."

திரும்பி வந்த அத்தான் நேரே அடுப்படிக்குப் போய்விட்டார். கேக் மேல் ரோஜாப்பூ பிழிகிற கை அது, அன்றைக்குப் பிழிந்த பூவெல்லாம் கோணல். இந்த மாத்திரையும் போய்விட்டால் படி ஏறுவது எங்கே என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது. அவரை ஓயாமல் கிண்டல் செய்கிறவள்தான் நான். அன்று வாயைத் திறக்க மனம் வரவில்லை.

அளவைக் குறைத்தும் படபடப்பு விடவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை மருந்துக்கடைப் பெண் பன் வாங்க வந்தாள். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் அத்தான் வேலை செய்வது நன்றாகத் தெரியும். அவர் மாத்திரையைப் பிரித்தார், தண்ணீர் குடித்தார், துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு திரும்பி, அடித்து வைத்திருந்த க்ரீமில் விரலை விட்டு வாயில் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார். இன்னொரு விரல் விட்டார். பக்கத்துத் தட்டிலிருந்த கேக் ஓரமும் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெண் பன்னை அப்படியே வைத்துவிட்டாள்.

"மாஸ்டர், மாத்திரையை வெறும் வயித்துலதானே போடறீங்க?"

"ஆமா தங்கச்சி. இன்னும் டிபனே சாப்பிடல."

"இப்ப வாயில போட்டது என்ன?"

"அதுவா? ருசி பாத்தேன்."

"அப்ப சாப்பிட்டிருக்கீங்க."

"நாக்குல பட்டதெல்லாம் சாப்பாடாம்மா? சாப்பாடுன்னா தட்டு வேணும், உக்காரணும்."

நான் சிரிப்பை அடக்க மாட்டாமல் கல்லாவுக்குக் கீழே குனிந்துகொண்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "விடிஞ்சதுலேருந்து எத்தனை விரல் ஆச்சு?" என்றாள். அத்தான் கூரையைப் பார்த்தார். "அத்தனையும் வெண்ணெய் மாஸ்டர். கொழுப்போட சேந்தா இந்த மாத்திரை ஒரேயடியா ரத்தத்துல ஏறிடும். தலைவலியும் படபடப்பும் வராம என்ன பண்ணும்?"

அதோடு விட்டாளா என்றால் இல்லை. அவள் கண் அடுப்புக்கு மேலே இருந்த பலகைக்குப் போனது. ஏலக்காய் டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. மாவு வண்டிக்காரர் கொடுத்த நெஞ்செரிச்சல் மாத்திரை. நாள் முழுக்க ருசி பார்த்தால் நெஞ்சு எரியாதா, எரியும்போதெல்லாம் மிட்டாய் மாதிரி ஒன்று போட்டுக்கொள்வாராம். அது மருந்துக் கணக்கிலேயே அவருக்கு வரவில்லை. அந்த வகை மாத்திரையும் காலுக்கான மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும் என்று அவள் சொன்னபோது, அத்தான் முகத்தில் அசடு வழிந்தது.

அவள் அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரில் வரச் சொன்னார் டாக்டரம்மா. போனதும் முதலில் கொஞ்சம் கடிந்துகொண்டார். "சட்னு நாக்குல வைக்கறதையும் சொல்லணும், யாரோ குடுத்த மாத்திரையையும் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சாத்தானே நான் பாத்துக் குடுக்க முடியும்" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்செரிச்சலுக்கு வேறு மருந்து கொடுத்தார். காலுக்கான மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி, குறைந்த அளவிலேயே மறுபடி தொடங்கச் சொன்னார்.

இப்போது சிக்கல் பேக்கரிக்கு வந்தது. காலை மாத்திரை எளிது. எழுந்ததும் போட்டுக்கொண்டு, மாவு பிசைகிற வேலையை முதலில் வைத்துக்கொண்டார். பச்சை மாவை யாரும் ருசி பார்ப்பதில்லை. மாலை மாத்திரைதான் பாடு. கேக்குக்கெல்லாம் க்ரீம் ஏறுவது பிற்பகலில். அந்த நேரத்தில் வாயைக் கட்டினால் ருசி பார்ப்பது யார்? நான் முன்வந்தேன். "உனக்கு எல்லாமே நல்லா இருக்கும், நீ ஆக மாட்ட" என்று என்னை ஒதுக்கிவிட்டார். அக்காவைத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது.

அக்காவுக்கு இனிப்பே பிடிக்காது. பேக்கரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடத்தில் அவள் கேக் தின்று நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பிற்பகலும் வந்து, கைப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நிற்பாள். அத்தான் கரண்டியை நீட்டுவார். அவள் நுனி நாக்கில் வைப்பாள்.

"எப்படி?"

"திகட்டுது."

"திகட்டாத க்ரீம் க்ரீமா?"

"கேட்டீங்க, சொன்னேன்."

சர்க்கரை கொஞ்சம் குறையும். மறுபடி கரண்டி நீளும். அவள் "பரவாயில்ல" என்று சொன்னால் அன்றைக்கு அத்தானுக்குத் தலைகால் புரியாது. எங்கள் அக்கா அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. இரண்டு பேரும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் சண்டை போடுவதும் சிரிப்பதுமாக இருந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாடிக்கையாளர்களும் க்ரீம் இப்போது நன்றாக இருக்கிறது என்றார்கள். அத்தானிடம் நான் அதைச் சொல்லவில்லை.

தலைவலி போனது, படபடப்பும் போனது. பிறகு டாக்டரம்மா அளவைக் கொஞ்சம் கூட்டினார், அதுவும் ஒத்துக்கொண்டது. கால் மட்டும் இருந்தபடியே இருந்தது. "ரெண்டா போட்டா சீக்கிரம் கேக்காதா?" என்று ஒரு நாள் மருந்துக்கடையில் வாயைக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தினமும் சாயங்காலம் அக்காவோடு நடந்தார். வலித்தால் நின்றார், விட்டதும் நடந்தார். எப்போது மாறியது என்று எங்களுக்கே தெரியவில்லை. ஒரு நாள் தையல் கடையைத் தாண்டி அவர் பேசிக்கொண்டே போய்விட்டார். தையல்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, "கடைசியில செருப்பை மாத்திட்டீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள்.

பிறந்தநாள் அன்று அத்தான் கேக்கைக் கடைசி வரை வாயில் வைக்கவில்லை. அக்கா சொன்னதுதான் சர்க்கரை, அக்கா சொன்னதுதான் வெண்ணெய். மாலையில் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேட்டுத்தெருவில் ஏறத் தொடங்கினார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால். முன்பு பாதியில் நின்று திரும்பிய அந்தப் பழைய இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். மேலிருந்து இறங்கி வந்த ஒருவர், "என்ன மாஸ்டர், ஊரை ரசிக்கறீங்களா?" என்றார்.

"இல்லப்பா. கால் கொஞ்சம் வலிக்குது. நின்னுட்டு ஏறுவேன்."

செருப்பைத் தொடவே இல்லை. பெட்டியை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன், தரவில்லை. வலி விட்டதும் ஏறினார். இன்னும் ஒரு முறை நின்றார். பிறகு பச்சைக் கதவு வந்துவிட்டது. மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே கதவை அகலத் திறந்துவிட்டாள். அத்தான் நேரே உள்ளே போய்ப் பெட்டியை மேசை மேல் வைத்தார். வைத்த பிறகுதான் மூச்சு விட்டார்.

கேக்கைத் திறந்து மெழுகுவர்த்தி ஏற்றி ஊதியாயிற்று. மாலை மாத்திரைக்கு நேரமும் ஆகிவிட்டது. இப்போது போட்டுக்கொண்டு அரை மணி கழித்துச் சாப்பிடலாம் என்பது அவர் ஏற்பாடு. அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து உறையைப் பிரிக்கப் போனார். மடியில் உட்கார்ந்திருந்த குட்டி கேக்குக்குள் கையை விட்டு, ஒரு விரல் க்ரீமைத் தாத்தாவின் வாயில் திணித்துவிட்டது.

அறையில் எல்லோரும் அத்தானையே பார்த்தோம். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"சர்க்கரை கம்மி" என்றார் அக்காவைப் பார்த்து.

"படியேறி வந்ததும் குத்தம் கண்டுபிடிச்சாச்சா? ஒரு விரல்தானேங்க, மாத்திரையைப் போடுங்க. நாக்குல பட்டதெல்லாம் சாப்பாடா?"

"சாப்பாடுதான். என் பேத்தி ஊட்டியிருக்கா." பிரிக்காத மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார். "கல்லா, இதைப் பத்திரமா வை. நான் சாப்பிட்டு முடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடு."

சொல்லிவிட்டு, குட்டியிடம் திரும்பி மறுபடியும் வாயைத் திறந்து காட்டினார்.